பழைய கார் வாங்கும்போது கூடுதல் வாரண்டி எடுக்கலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரின் விலை பேசி முடிந்து முன்பணமும் கட்டியான பிறகு, விற்பனையாளர் மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டுவார். "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம் சார், இருபதாயிரம்தான்" என்பார். ஐந்தாறு லட்சம் ரூபாயைக் கொடுக்கத் துணிந்துவிட்ட மனநிலையில் இருபதாயிரம் சிறிய தொகையாகத் தெரியும். 'எஞ்சின் போனால் எண்பதாயிரம் ஆகும்' என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் மறுப்பதற்கு மனம் வராது. அந்த மேசையில் அமர்ந்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. கீழே சொல்லப்படும் வேலைகளில் பெரும்பாலானவை அங்கே போவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவை.

பழைய கார் ஏதோ ஒரு வகையில் பழுதாகத்தான் செய்யும், அதில் ஐயமில்லை. என் சேமிப்பால் தாங்க முடியாத பழுது எது, அந்தப் பழுது வந்தால் இந்தத் தாள் உண்மையிலேயே பணம் தருமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டுவிட்டால் மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

முதல் படி: காரில் ஏற்கெனவே மீதமிருக்கும் வாரண்டியைக் கணக்கிடுங்கள்

தயாரிப்பு நிறுவனம் புதிய காருக்குத் தரும் வாரண்டி பொதுவாக வண்டியோடு சேர்ந்தது. உரிமையாளர் மாறினாலும் அதன் மிச்சக் காலம் அடுத்தவருக்குத் தொடரும். முதல் உரிமையாளர் பணம் கட்டி எடுத்த நீட்டிப்பு வாரண்டியையும் பெரும்பாலும் நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும். ஆனால் பெயர் மாற்றத்தைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றோ, சிறு கட்டணம் செலுத்த வேண்டும் என்றோ நிபந்தனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மின்சாரக் கார்களில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்பது பரவலான வரம்பு என்றாலும், முதல் உரிமையாளருக்குச் சொல்லப்பட்ட நீண்ட கால உறுதி இரண்டாம் உரிமையாளரிடம் வரும்போது சுருங்கிவிடும் திட்டங்களும் உண்டு.

வாரண்டி தொடங்கும் நாள் முதல் உரிமையாளரிடம் கார் ஒப்படைக்கப்பட்ட நாள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'ஐந்தாண்டு வாரண்டி உள்ள கார்' என்று விளம்பரத்தில் இருந்தால், 2022 ஜூனில் ஒப்படைக்கப்பட்ட வண்டிக்கு அது 2027 ஜூனில் முடிந்துவிடும். நாம் எப்போது வாங்கினாலும் அந்தத் தேதி நகராது. கிலோமீட்டர் வரம்பும் அப்படியே. ஒரு லட்சம் கி.மீ. வரம்புள்ள வாரண்டியில் கார் ஏற்கெனவே 88,000 ஓடியிருந்தால் மிச்சம் 12,000 கி.மீ. மட்டுமே, மாதம் 1,500 கி.மீ. ஓட்டுபவருக்கு அது எட்டு மாதத்தில் தீர்ந்துவிடும், தாளில் இரண்டு ஆண்டு மீதமிருந்தாலும் பயனில்லை.

ஆண்டுக்கு ஆண்டு நிறுவனங்கள் வரம்பை மாற்றுவதும் உண்டு. மாருதி சுசூகி 2024 ஜூலை 9 முதல் ஒப்படைக்கும் கார்களுக்கு 3 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. வாரண்டி தருகிறது, அதற்கு முன்பு 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. மட்டுமே. ஆகையால் சில வார இடைவெளியில் விற்பனையான, ஒரே மாடல் ஒரே நிறக் கார்கள் இரண்டில் ஒன்றுக்கு வாரண்டி முடிந்திருக்க, மற்றொன்றுக்கு நிறையவே மீதமிருந்திருக்கலாம். விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், பதிவு எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்து, வாரண்டி என்றுவரை உள்ளது, எங்கெங்கே சர்வீஸ் ஆகியிருக்கிறது என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நிறுவனங்களே நடத்தும் பழைய கார் நிலையங்களில் வாங்கினால் வேறொரு பாதுகாப்பும் சேர்ந்து வரும். மாருதியின் ட்ரூ வேல்யூ சான்றளிக்கும் கார்களுக்கு 1 ஆண்டு வரை வாரண்டியும் 3 இலவச சர்வீஸும் உண்டு. இப்படி ஏற்கெனவே பாதுகாப்பு உள்ள காலத்துக்கு இன்னொரு வாரண்டியை விலை கொடுத்து வாங்குவது வீண். பணம் கட்டும் திட்டம் இன்றே தொடங்குகிறதா, இலவச வாரண்டி முடிந்த மறுநாள் தொடங்குகிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாம் படி: வாரண்டிக்கு முன் பரிசோதனைக்குச் செலவழியுங்கள்

இந்தியாவில் விற்கப்படும் எந்த நீட்டிப்பு வாரண்டியிலும் 'வாங்கும்போதே இருந்த குறைபாடு' என்ற விலக்கு ஏதோ ஒரு சொற்றொடரில் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காரின் இன்றைய நிலை ஒரு தாளில் பதிவாகாமல் இருந்தால், மூன்று மாதம் கழித்து வரும் பழுது முன்பே இருந்ததா, புதிதாக வந்ததா என்ற வாதத்தில் நம் கையில் எந்தச் சான்றும் இருக்காது. ஆகவே விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக் கொண்டு, அல்லது அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே கட்டணம் கட்டி, முழுப் பரிசோதனை செய்து தேதியிட்ட அறிக்கையாக வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கையில் குறை தெரிந்தால் விலையைக் குறைக்கலாம். தெரியாவிட்டால் அதுவே பிற்காலத்தில் ஆவணம்.

பரிசோதனையில், எஞ்சின் கணினியோடு இணைத்து அதன் பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனர் கட்டாயம் வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பது மட்டும் போதாது. விற்பனைக்கு முன் பிழைக் குறியீடுகளை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துதான் இருக்கும். ஆனால் அப்படி அழித்தவுடன், எஞ்சின் கணினி தனக்குத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் 'இன்னும் முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும்; சில நாள் ஓட்டிய பிறகே அவை நிறைவடையும். நாள்தோறும் ஓடுவதாகச் சொல்லப்படும் காரில் பல சோதனைகள் முடியாத நிலையில் நிற்பதை ஸ்கேனர் காட்டினால், அண்மையில் யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள் என்று பொருள் கொள்ளலாம். சில கார்களில் மீட்டர் பலகை தவிர வேறு கணினிப் பகுதிகளிலும் ஓடிய தூரம் பதிவாகியிருக்கும். மீட்டரைக் குறைத்திருந்தால் அங்கே முரண்பாடு தெரியும். ஒவ்வொரு சர்வீஸின்போதும் பணிமனை தரும் பழைய ஜாப் கார்டுகளில் எழுதப்பட்ட கிலோமீட்டர் படிப்படியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது இதைவிட எளிய வழி.

சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பதிவான கார் என்றால் வெள்ளத்தைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் கழுத்தளவு நீரில் நின்ற வண்டிகள் சுத்தம் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தன. அவை வேறு மாவட்டங்களுக்கும் போயிருக்கின்றன. நீர் புகுந்ததால் வந்த பழுதை வாரண்டி ஏற்காது; மின்னணுப் பகுதிகளில் அந்தப் பழுது ஓராண்டு கழித்தும் தலைகாட்டும். முன்னிருக்கையின் சீட் பெல்ட்டை அதன் கடைசி அங்குலம் வரை வெளியே இழுத்துப் பாருங்கள். வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே இருக்கும் அந்தப் பகுதியை யாரும் துவைப்பதில்லை. அங்கே செம்மண் நிறத்தில் ஒரு கோடு படிந்திருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. இருக்கைத் தண்டவாளத்தின் அடிப்பக்கத் துருவும், ஸ்டெப்னி கிடக்கும் குழியின் மூலையில் உள்ள சேறும் இதே கதையைச் சொல்லும்.

இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். வெளிக்கடையில் பொருத்திய சி.என்.ஜி. கிட் இருந்தால் எஞ்சின் சார்ந்த க்ளெய்ம்கள் (வாரண்டியில் பணம் கோருவது) மறுக்கப்படும் வாய்ப்பு மிக அதிகம். கூடுதல் விளக்குக்கோ மியூசிக் சிஸ்டத்துக்கோ வயரை வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் மின் பழுதுகளுக்கும் அதே கதிதான். முந்தைய உரிமையாளர் செய்த வேலை என்று நாம் சொல்லும் விளக்கம் அங்கே எடுபடாது.

மூன்றாம் படி: யார் பணம் தருகிறார்கள் என்று பாருங்கள்

நம் சந்தையில் மூன்று வகையான வாரண்டி கிடைக்கிறது. காரைத் தயாரித்த நிறுவனமே தரும் நீட்டிப்பு முதல் வகை. விற்கும் டீலரோ இணையவழி கார் விற்பனை நிறுவனமோ தருவது இரண்டாவது. இருவருக்கும் தொடர்பில்லாத மூன்றாம் நிறுவனம் தருவது கடைசி வகை. முதல் வகை கிடைத்தால் மற்ற இரண்டையும் யோசிக்கவே வேண்டியதில்லை என்பது என் கருத்து. பழுதுபார்க்கும் பணிமனையும் பணம் தருபவரும் ஒரே குடையின் கீழ் இருப்பதால் வாதம் குறையும். நாடு முழுவதும் எந்தக் கிளையிலும் காட்டலாம். ஆனால் அதை வாங்கும் வாய்ப்பு பொதுவாக முந்தைய வாரண்டி முடிவதற்குள்தான் உண்டு. முடிந்துவிட்டால் பரிசோதனைக்குப் பிறகு கூடுதல் விலையில் தருவார்கள், அல்லது தரவே மாட்டார்கள். வாரண்டி முடிய இரண்டு மாதமே இருக்கும் காரை வாங்குவதாக இருந்தால் இந்தத் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம், மூன்றாம் வகைகளில் தாளின் அடியில் இருக்கும் நிறுவனப் பெயரைத் தேடுங்கள். விற்பவரின் சின்னம் மேலே பெரிதாக இருக்க, பொறுப்பேற்பவர் வேறொருவராக இருப்பது சாதாரணம். அந்த நிறுவனம் நாளை மூடப்பட்டால் யார் பொறுப்பு, பின்னால் ஒரு காப்பீட்டு நிறுவனம் நிற்கிறதா, நின்றால் அதன் பெயர் ஒப்பந்தத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். மோட்டார் காப்பீடு விபத்து, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கானது. வெளியிலிருந்து எதுவும் மோதாமல் பாகம் தானாகப் பழுதாவதற்கே வாரண்டி. முழு இழப்பீட்டுக் காப்பீடு கையில் இருப்பதால் வாரண்டி தேவையில்லை என்றோ, வாரண்டி இருப்பதால் காப்பீட்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்றோ நினைப்பது தவறு.

நான்காம் படி: ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசியுங்கள்

விளம்பர மடிப்பிதழ் ஒப்பந்தம் ஆகாது. முழு நிபந்தனைகள் அடங்கிய தாளைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துச் சென்று வாசியுங்கள். 'பணம் கட்டியதும் மெயிலில் வரும்' என்றால் அந்தத் திட்டத்தை விட்டுவிடலாம். வாசிக்கும்போது விலக்குகள் எழுதப்பட்டுள்ள பின்பக்கங்களிலிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பிரேக் பேட், கிளட்ச் பிளேட், டயர், பேட்டரி, வைப்பர், பல்பு, பெல்ட், ரப்பர் புஷ் ஆகியவை தேய்மானப் பொருள்கள் என்று பெரும்பாலான திட்டங்களில் விலக்கப்பட்டிருக்கும். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. சிக்கல், திடீர்ப் பழுது எது, தேய்மானம் எது என்ற எல்லையில்தான் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கார்களில் இதை நன்றாகக் காணலாம். மேனுவல் கியர்பாக்ஸையே தானாக இயக்கும் ஏ.எம்.டி. வகைக் காரில் கியரை மாற்றும் ஆக்சுவேட்டர் பழுதானால் வாரண்டி ஏற்கும். அதே காரில் கிளட்ச் தேய்ந்து கியர் விழாமல் போனால் ஏற்காது. இரட்டைக் கிளட்ச் கொண்ட டி.சி.டி. வகையில் மெகட்ரானிக் எனப்படும் கட்டுப்பாட்டுப் பகுதி பெரும்பாலும் திட்டத்துக்குள் இருக்கும், கிளட்ச் தொகுதி வெளியே இருக்கும். பழுதின் அறிகுறியோ இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வண்டி உதறி உதறி நகரும். 'கியர்பாக்ஸ் கவர் ஆகுமா?' என்று கேட்டால் விற்பவர் 'ஆகும்' என்பார், பொய்யும் சொல்லியிருக்க மாட்டார். 'கிளட்ச் தொகுதியும் மெகட்ரானிக்கும் தனித்தனியாக ஒப்பந்தத்தில் எங்கே எழுதப்பட்டுள்ளன?' என்று கேட்க வேண்டும்.

பாகங்கள் எழுதப்படும் முறையிலும் வேறுபாடு உண்டு. சில திட்டங்கள் விலக்கப்பட்டவற்றைப் பட்டியலிட்டு மற்ற அனைத்தையும் ஏற்கின்றன. சில, ஏற்கப்படும் பாகங்களை மட்டும் பட்டியலிட்டு மற்ற அனைத்தையும் விலக்குகின்றன. பட்டியலில் பெயர் இல்லாத ஒரு சென்சாருக்காக இரண்டாவது வகையில் நாமே பணம் கட்ட வேண்டிவரும். 'எஞ்சினின் உட்புற, எண்ணெய் உயவு பெறும் பாகங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் வெளியே பொருத்தப்பட்ட ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், இன்ஜெக்டர், சென்சார் எதுவும் அதில் அடங்காது. பழைய காரில் அடிக்கடி போவதோ இவைதான்.

பிறகு பண வரம்புகள். ஒரு க்ளெய்முக்கு எவ்வளவு, மொத்தக் காலத்துக்கு எவ்வளவு, காரின் வயதுக்கேற்ப உதிரிபாக விலையில் எத்தனை சதவீதம் கழிக்கப்படும், கூலி சேருமா, எஞ்சின் ஆயிலும் ஏ.சி. கேஸும் கூலன்ட்டும் யார் செலவு என்பவற்றைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். பழுதைக் கண்டறியப் பாகத்தைக் கழற்றிய பின் க்ளெய்ம் மறுக்கப்பட்டால், கழற்றி மாட்டும் கூலி நம் தலையில்தான் விழும் என்பதும் இந்தப் பகுதியில்தான் எங்கோ இருக்கும். முதல் 30 நாள் அல்லது முதல் 1,000 கி.மீ. வரை க்ளெய்ம் கிடையாது என்ற காத்திருப்பு விதியைச் சில திட்டங்கள் வைத்திருக்கின்றன.

கடைசியாக, நம் கடமைகள். குறிப்பிட்ட கிலோமீட்டர் இடைவெளியில் குறிப்பிட்ட இடத்தில் சர்வீஸ் செய்து பில் வைத்திருக்க வேண்டும் என்பது முதன்மையானது; ஒரு சர்வீஸ் தாமதமானாலும் க்ளெய்ம் மறுக்க அது போதும். வெப்பநிலை விளக்கு எரிந்த பிறகும் 'வீடு பக்கம்தானே' என்று ஓட்டிச் சென்றால், கசிந்த கூலன்ட் குழாயால் வந்த எஞ்சின் சேதம் நம் அலட்சியத்தால் வந்ததாகக் கருதப்படும்.

ஐந்தாம் படி: உங்கள் மாடலுக்கான பழுதுச் செலவை விசாரியுங்கள்

பொதுவாகக் 'கார்' என்று யோசித்தால் இந்தக் கணக்கு வராது. நீங்கள் வாங்கப்போகும் மாடல், எரிபொருள், கியர்பாக்ஸ் மூன்றையும் சொல்லி, ஏ.சி. கம்ப்ரஸர், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங், எஞ்சின் கணினி, டீசலாக இருந்தால் டர்போ, இன்ஜெக்டர், ஆட்டோமேட்டிக்காக இருந்தால் கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டுப் பகுதி ஆகியவற்றுக்கு உதிரிபாகமும் கூலியும் வரியும் சேர்த்து என்ன ஆகும் என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். பிறகு அதே கேள்வியை நம்பகமான வெளி மெக்கானிக் ஒருவரிடமும் கேளுங்கள்.

இரண்டாவது விசாரணையைத் தவிர்க்கக் கூடாது. வாரண்டி விற்பவர் எப்போதும் ஷோரூம் விலையோடு ஒப்பிட்டே பயமுறுத்துவார். ஆனால் வாரண்டி முடிந்த ஒரு சாதாரணப் பெட்ரோல் ஹேட்ச்பேக்கின் ஆல்டர்னேட்டர் போனால், சென்னையில் இருப்பவர் ஜி.பி. ரோட்டில் புதிது வாங்குவார், அல்லது புதுப்பேட்டையில் கழற்றிய பாகத்தைத் தேடுவார், அல்லது தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் காயில் கட்டச் சொல்வார். நாம் உண்மையில் செலவழிக்கப்போகும் தொகையோடுதான் வாரண்டி விலையை ஒப்பிட வேண்டும். டி.சி.டி. கியர்பாக்ஸ், ஐரோப்பிய நிறுவனங்களின் டர்போ எஞ்சின், ஹைபிரிட் பேட்டரி போன்றவற்றில் இந்த மாற்றுவழி ஏறக்குறைய இல்லை. அதற்கான கருவியும் மென்பொருளும் உள்ள இடங்கள் மிகச் சில. வெளியே சரிசெய்ய முடிகிற காருக்கு வாரண்டியின் மதிப்பு குறைவு, முடியாத காருக்கு அதிகம் என்பது தமிழ்நாட்டுச் சூழலில் மற்றெல்லாக் காரணங்களையும்விடக் கனமானது.

ஆறாம் படி: காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

கீழே உள்ள தொகைகளும் சதவீதங்களும் கணக்கிடும் முறையை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை; உங்கள் விசாரணையில் கிடைத்த எண்களை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், 60,000 கி.மீ. ஓடிய, சர்வீஸ் பதிவுகள் முழுமையாக உள்ள மேனுவல் பெட்ரோல் ஹேட்ச்பேக். இரண்டு ஆண்டு வாரண்டிக்கு ரூ.18,000, அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.21,240 கேட்கிறார்கள். இரண்டு ஆண்டுக்குள் ஏ.சி. கம்ப்ரஸர் போக 5% வாய்ப்பு, செலவு ரூ.25,000 என்றால் அதன் சராசரிச் சுமை, அதாவது செலவை வாய்ப்பால் பெருக்கி வருவது, ரூ.1,250. ஆல்டர்னேட்டர் ரூ.12,000, 5% என்றால் ரூ.600. ஸ்டியரிங் ரூ.30,000, 3% என்றால் ரூ.900. எஞ்சின் கணினி ரூ.30,000, 2% என்றால் ரூ.600. எஞ்சின் அல்லது கியர்பாக்ஸில் பெரிய வேலை ரூ.60,000, 3% என்றால் ரூ.1,800. எல்லாம் சேர்த்து ரூ.5,150. வாய்ப்புகளை இரட்டிப்பாக்கினாலும் ரூ.10,300தான், கேட்கும் விலையில் பாதியைக்கூடத் தொடவில்லை.

அடுத்து, ஒரு லட்சம் கி.மீ.யை நெருங்கும் டி.சி.டி. டீசல் கார். இதன் வாரண்டி விலை வரியோடு ரூ.38,000 என்று கொள்வோம். மெகட்ரானிக் ரூ.1,20,000, 12% வாய்ப்பு: ரூ.14,400. டர்போ ரூ.70,000, 6%: ரூ.4,200. இன்ஜெக்டர்கள் ரூ.80,000, 6%: ரூ.4,800. ஏ.சி. கம்ப்ரஸர் ரூ.45,000, 8%: ரூ.3,600. மற்றவை ரூ.4,000. மொத்தம் ரூ.31,000. இது வாரண்டி விலையை நெருங்கி வருவதுபோலத் தெரியும். ஆனால் ஒரு க்ளெய்முக்கு ரூ.75,000 என்ற வரம்பு ஒப்பந்தத்தில் இருந்தால் மெகட்ரானிக்கின் பங்கு ரூ.9,000 ஆகவும் இன்ஜெக்டரின் பங்கு ரூ.4,500 ஆகவும் சுருங்கி, மொத்தம் ரூ.25,300க்கு இறங்கிவிடும். எந்தப் பழுதுக்குப் பயந்து வாரண்டி எடுத்தோமோ அந்தப் பழுது வரும்போதே ரூ.45,000 கைக்காசு போகும். இத்தகைய காருக்கு வாரண்டி எடுப்பதானால் விலை சற்றுக் கூடினாலும் வரம்பு உயர்ந்த திட்டத்தையே எடுக்க வேண்டும்.

சராசரிக் கணக்கில் வாரண்டி பெரும்பாலும் நட்டமாகவே வரும். விற்பவருக்கு லாபமில்லாமல் அது விற்கப்படுவதில்லை. அந்த நட்டத்தை ஏன் சிலர் ஏற்கலாம் என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன், தாளில் எழுதாத மூன்று செலவுகளையும் விலையோடு கூட்டிவிடுங்கள்.

வாரண்டி நிபந்தனைக்காக வெளி மெக்கானிக்கை விட்டு ஷோரூமில் சர்வீஸ் செய்ய ஆண்டுக்கு ரூ.4,000 கூடுதலாகும் என்றால் இரண்டு ஆண்டுக்கு ரூ.8,000 சேர்கிறது, முதல் எடுத்துக்காட்டின் உண்மையான விலை அப்போது ரூ.29,240. அதிகச் சர்வீஸ் கிடைத்ததாக மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம், பணம் பணம்தான். இரண்டாவது செலவு கடன். வாரண்டித் தொகையையும் கார் லோனில் சேர்த்துவிட்டால் 'மாதம் அறுநூறுகூட வராது' என்பார்கள். 14% வட்டியில் 48 மாதத் தவணையில் ரூ.21,240க்கு நாம் கட்டுவது ரூ.27,800க்கு மேல். வாரண்டி இரண்டு ஆண்டில் முடிந்த பிறகும் அதற்கான தவணையை இன்னும் இரண்டு ஆண்டு கட்டிக்கொண்டிருப்போம். மூன்றாவது, தூரம். திட்டம் ஏற்கும் பணிமனை மதுரையில் இருக்க, நீங்கள் தேனியில் இருந்தால், நின்றுபோன காரை 75 கி.மீ. இழுத்துச் செல்லும் கட்டணம் யாருடையது என்று கேளுங்கள். பெருநகரங்களில் மட்டும் பணிமனை வைத்திருக்கும் திட்டங்கள் சிறு ஊர்க்காரர்களுக்குப் பெயரளவில்தான் பயன்படும்.

ஏழாம் படி: உங்கள் பணநிலையை வைத்து முடிவெடுங்கள்

நாளையே அறுபதாயிரம் ரூபாய் பில் வந்தால் கடன் வாங்காமல் கட்ட முடியும் என்பவர், வெளியில் எளிதாகச் சரிசெய்யக்கூடிய பெட்ரோல் மேனுவல் காருக்கு வாரண்டி எடுக்கத் தேவையில்லை. அந்த இருபதாயிரத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைத்தால், அதே பணம் வாரண்டி ஏற்காத டயருக்கும் கிளட்சுக்கும்கூட உதவும். எதுவும் போகாவிட்டால் கையிலேயே இருக்கும். ஆண்டுக்கு ஐயாயிரம் கி.மீ.கூட ஓட்டாதவர்களுக்கும், ஓரிரு ஆண்டில் விற்றுவிட எண்ணுபவர்களுக்கும் இதே விடைதான்.

காரை வைத்தே பிழைப்பு நடத்துபவரோ, சேமிப்பு முழுவதையும் காரில் போட்டுவிட்டவரோ சராசரிக் கணக்கைப் பார்த்து ஆறுதல் அடைய முடியாது. அவருக்கு ஒரு பெரிய பில் என்பது கந்துவட்டியாகவோ அடகு நகையாகவோ மாறும். அத்தகையவர், தயாரிப்பு நிறுவனத்தின் நீட்டிப்பு கிடைக்கும் காராகத் தேர்ந்தெடுத்து, அதற்கான விலையைக் கொடுப்பது நியாயமே. ஆனால் வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் வணிகப் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனிநபர்ப் பயன்பாட்டுத் திட்டங்களில் அது பெரும்பாலும் விலக்குதான்.

இரண்டுக்கும் நடுவில், டி.சி.டி. போன்ற சிக்கலான கியர்பாக்ஸ் உள்ள காரை ஆசைப்பட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நிறுவன வாரண்டி கிடைக்காத நிலையில் அந்தக் காரை வாங்குவதா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. மூன்றாம் நிறுவன வாரண்டியை நம்பித் துணிவதைவிட, அதே விலையில் சாதாரண கியர்பாக்ஸ் உள்ள புதிய ஆண்டு மாடலை எடுப்பது மேல்.

எட்டாம் படி: எடுப்பதானால் பேரம் பேசுங்கள்

வாரண்டி விலையில் விற்பவரின் கமிஷன் அடங்கியிருக்கிறது. காரின் விலையைப் போலவே இதையும் குறைக்கச் சொல்லலாம். காரின் விலையை இறுதிசெய்த பிறகே வாரண்டி பேச்சை எடுங்கள், இல்லையேல் ஒன்றில் குறைத்ததை மற்றொன்றில் ஏற்றிவிடுவார்கள். 'இது எடுத்தால்தான் லோன் கிடைக்கும்' என்று சொன்னால், அதை வங்கியின் கடிதமாக எழுதித் தரச் சொல்லுங்கள்; பேச்சு அதோடு நின்றுவிடும். இடையில் ரத்து செய்தால் மீதித் தொகை திரும்புமா, காரை விற்றால் அடுத்தவருக்கு மாற்ற முடியுமா என்ற இரண்டுக்கும் எழுத்தில் விடை வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: எடுத்த பிறகு

ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறியதும் வாரண்டியிலும் பெயரை மாற்றுங்கள். காப்பீட்டுப் பெயர் மாற்றத்துக்குச் சட்டம் 14 நாள் தந்திருக்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துவிடுவது நல்லது. சர்வீஸ் பில்லில் தேதியும் கிலோமீட்டரும் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்து, கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். பழுது வந்தால் வண்டியை ஓரம்கட்டி, மீட்டர் பலகையில் எரியும் விளக்கைப் படமெடுத்து, வாரண்டி தந்தவரின் முன்னனுமதி பெறாமல் யாரையும் எதையும் கழற்ற விடாதீர்கள். வழியில் கிடைத்த மெக்கானிக் நல்லெண்ணத்தோடு ஒரு போல்ட்டைக் கழற்றினால்கூட அது மறுப்புக்குக் காரணமாகிவிடும்.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். 'கம்பெனி பாலிசி சார்' என்ற வாய்மொழி விடையை ஏற்க வேண்டியதில்லை. மின்னஞ்சலில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பரிசோதனை அறிக்கை, ஒப்பந்தத்தின் முழுப் பிரதி, சர்வீஸ் பில்கள், மறுப்புக் கடிதம் ஆகிய நான்கையும் வரிசையாக இணைத்துக் கொடுங்கள்.